பதினோராவது பெண்ணின் மூன்றாவது ஊசி

அக்கா போய் மூன்று வாரமாகிறது. துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பாதிப் பேருக்கு அவள் பெயர் தெரியாது. தெருமுனை மருந்துக்கடையில் நின்று, "ரெண்டாவது அம்மா வீடு எது?" என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். கடைக்காரரும் மறுகேள்வி கேட்காமல் எங்கள் வீட்டைக் காட்டியிருக்கிறார். வந்தவர்களில் நிறையப் பேர் இளம்பெண்கள். இருபது, இருபத்திரண்டு வயது. ஒருத்தி இடுப்பில் குழந்தையோடு வந்தாள். உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். தண்ணீர் கொடுத்தேன், குடித்தார்கள், போனார்கள்.

அவள் என் கணவரின் அண்ணன் மனைவி. அவர்கள் கீழ்வீடு, நாங்கள் மாடி. பதினேழு வருடம் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கியிருக்கிறோம். உறவுமுறைக்கு அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன். பிறகு அது முறைக்காக இல்லாமல் போய்விட்டது.

சுகாதார நிலையத்தில் நர்ஸ் வேலை. பள்ளிப் பெண்பிள்ளைகளுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வராமல் தடுக்கிற ஊசி போடுவது அவள் பொறுப்பு. பதினைந்து வயதுக்குள் தொடங்கினால் இரண்டு தவணை. நடுவில் ஆறு மாதம். முதல் தவணை என்றால் பள்ளியே கூடிவிடும். தலைமையாசிரியை வருவார், டாக்டர் வருவார், போட்டோ எடுப்பார்கள். இரண்டாவதற்கு ஒருவரும் வருவதில்லை. பெண் மறந்திருப்பாள், அம்மா வீடு மாற்றியிருப்பாள், அட்டை எந்தப் பெட்டியின் அடியிலோ கிடக்கும். அதனால் அக்கா பேருந்திலும் காய்கறிக் கடையிலும் பதின்மூன்று பதினாலு வயதுப் பெண் யாரைப் பார்த்தாலும் சௌக்கியமா என்று கேட்பதில்லை. "ரெண்டாவது போட்டாச்சா?" என்றுதான் கேட்பாள். ஒரு கல்யாண வரவேற்பில் மணப்பெண்ணின் தங்கையை மேடையிலேயே கேட்டுவிட்டாள். அந்தப் படம் எங்களிடம் இருக்கிறது. எல்லோரும் காமிராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அந்தப் பெண் மட்டும் தன் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

பெயர் அப்படித்தான் ஒட்டியது. எங்கள் மாமனாருக்கு அதில் ஏகப்பட்ட சந்தோஷம். "வீட்டுக்கு மூத்தவ, ஊருக்கு ரெண்டாவது" என்பார். நான் சிரித்தால் என் பக்கம் திரும்பி, "நீ சிரிக்காதே. நீ வீட்டுக்கு ரெண்டாவது, ஊருக்கு ஒண்ணுமே இல்ல" என்பார்.

கல்யாணத்துக்கு முன்னால் அக்கா நான்கு வருடம் புற்றுநோய் மருத்துவமனையில், பெண்கள் பிரிவில் வேலை பார்த்திருக்கிறாள். அதைப் பற்றி அதிகம் பேச மாட்டாள். ஒருமுறை மொட்டைமாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது தானாகச் சொன்னாள். அங்கே வந்தவர்களில் பலர் அவளை விடப் பத்துப் பன்னிரண்டு வயதுதான் பெரியவர்கள். முன்னாடியே வந்திருந்தால் சரியாகியிருக்குமா என்று எல்லோரும் கேட்பார்களாம். பதில் என்ன சொல்வாய் என்று கேட்டேன். ஒரு போர்வையின் மறுமுனையை என்னிடம் கொடுத்துவிட்டு, அதற்கு நான்கு வருடத்திலும் பதில் கண்டுபிடிக்கவில்லை என்றாள்.

ஊசி போடுவதில் அவளுக்கென்று சில பழக்கங்கள் உண்டு. இரண்டு கதவு உள்ள அறைதான் வேண்டும் என்று பள்ளியில் அடம்பிடிப்பாள். ஒரு கதவு வழியாக உள்ளே, இன்னொன்று வழியாக வெளியே. போட்டுக்கொண்டு வருகிறவளின் முகத்தை வரிசையில் நிற்கிறவள் பார்க்கவே கூடாது. பார்த்தால் ஒருத்தி மயங்குவாள், அவளைப் பார்த்து அடுத்தவள், பிறகு பெஞ்சு பெஞ்சாகச் சாய்வார்கள். ஒருதரம் ஒன்பது பேர் சாய்ந்து, பத்தாவதாகக் கணக்கு வாத்தியார் சாய்ந்தார். அவருக்கு யாரும் ஊசியே போடவில்லை. அதற்குப் பிறகு பையில் எப்போதும் பிஸ்கட் வைத்திருப்பாள். காலையில் சாப்பிடவில்லை என்று சொன்னவளை ஊசிக்கு முன்னால் தின்ன வைப்பாள். போட்ட பிறகு பதினைந்து நிமிடம் உட்கார வைப்பாள். பதினான்காவது நிமிடத்தில் பிரதமரே வந்து கூப்பிட்டாலும் விட மாட்டாள்.

எல்லாவற்றையும் விட, பிள்ளைகளிடம் பொய் சொல்ல மாட்டாள். எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும் என்று சொல்கிற நர்ஸுகளைக் கண்டால் அவளுக்குப் பிடிக்காது. வலிக்குமா என்று கேட்டால் வலிக்கும் என்பாள். "பத்து எண்ணு. பத்துக்குள்ள போயிடும்" என்பாள். அவளும் கூடச் சேர்ந்து எண்ணுவாள். எத்தனை ஊசி என்று கேட்டால் இரண்டு விரலைக் காட்டுவாள். "ரெண்டே ரெண்டு. மூணாவது கேட்டா என்னை வந்து திட்டு."

அந்த வாக்குத்தான் ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவளைப் பிடித்துக்கொண்டது.

அந்த வருடம் எல்லாமே முன்பின்னாக நடந்தது. மருந்து தாமதமாக வந்ததால், முதல் தவணை பருவம் தப்பிப் போடப்பட்டது. அந்தப் பள்ளியில் எட்டாம் வகுப்புதான் கடைசி. அதற்குப் பிறகு பெண்கள் ஆறேழு பள்ளிகளுக்குப் பிரிந்துவிடுவார்கள். போதாக்குறைக்குக் கட்டிடம் இடிந்து விழும் நிலையில் இருக்கிறது என்று யாரோ சான்றிதழ் கொடுக்க, தேர்வை முன்னதாக முடித்துப் பள்ளியை மூடுவதாகச் சொல்லிவிட்டார்கள். வகுப்பில் நாற்பத்தாறு பெண்கள். முதல் தவணை போட்டு நான்கு மாதம் பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

அக்கா பட்டியலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முப்பத்தைந்து பேரைப் பற்றி அவளுக்குப் பயமில்லை. வீடு தெரியும், அம்மா தெரியும், ஆறு மாதம் கழித்துப் போய் நின்றாலும் பிடித்துவிடலாம். மீதிப் பதினோரு பேர் அப்படியில்லை. வாடகை வீடு, வேலை கிடைக்கிற இடத்துக்குக் கிளம்புகிற குடும்பம், மாற்றிக்கொண்டே இருக்கிற போன் நம்பர். இவர்களை இப்போது விட்டால் இனி கிடைக்க மாட்டார்கள் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. ஒன்றரை மாதம் முன்னால் போட்டால் என்ன ஆகிவிடும், போடாமல் விடுவதைவிட மேல் என்று நினைத்தாள். பள்ளியின் கடைசி நாளில் அந்தப் பதினோரு பேரை மட்டும் கூப்பிட்டு இரண்டாவதைப் போட்டாள். அன்று சாயங்காலம் படிக்கட்டில் என்னைப் பார்த்து, "பதினோரு மீனும் வலைக்குள்ள" என்றாள். அவள் அப்படிப் பெருமையாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு பயிற்சி வகுப்புக்குப் போனாள். இரண்டு தவணைக்கும் நடுவில் ஐந்து மாதமாவது இருக்க வேண்டும், அதற்குக் குறைந்தால் மூன்றாவது ஒன்று போட்டால்தான் முழுமை என்று அங்கே சொன்னார்கள். ஆறு மாதம் என்பதை அவள் ஒரு நல்ல யோசனை என்று நினைத்திருந்தாள், வேலி என்று நினைக்கவில்லை. திரும்பி வந்து செருப்பைக் கழற்றாமல் கீழ்ப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். கிடைக்கவே மாட்டார்கள் என்று நினைத்துத்தான் அந்தப் பதினோரு பேருக்கு முன்னதாகப் போட்டாள். இப்போது அந்தப் பதினோரு பேரைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

டாக்டரம்மா நல்லவர். அவருக்குக் கீழே நான்கு ஊர், ஒரே ஒரு வண்டி. பதிவேட்டில் இரண்டு தவணையும் போட்டதாக வந்தாகிவிட்டது, இதை யாரும் கிளறப்போவதில்லை என்றார். மருந்து தரமாட்டேன் என்று சொல்லவில்லை. "போட்டுத்தான் ஆகணும்னா போடுங்க. ஆனா வீட்ல போய் தப்பு பண்ணிட்டேன்னு சொல்லாதீங்க. விதி மாறிடுச்சுன்னு சொல்லுங்க. தப்புன்னு சொன்னா ஊர்ல ஒருத்தரும் கையை நீட்ட மாட்டாங்க." அதில் நியாயம் இருந்தது. அக்காவும் சரியென்று வந்துவிட்டாள்.

வாரத்தில் ஒரு விடுமுறை. அந்த நாளெல்லாம் பேருந்தில் போனது. தலைமையாசிரியையிடமிருந்து மாற்றுச் சான்றிதழ்ப் பதிவை வாங்கி, எந்தப் பள்ளிக்குப் போனார்கள் என்று பார்த்து, அங்கிருந்து வீடு, அங்கிருந்து அத்தை வீடு என்று தேடினாள். ஒருத்தியைப் பேருந்து நிலையத்தில் பிடித்தாள். அவள் அம்மா அங்கே துப்புரவு வேலை செய்தாள். ஒருத்தி விடுதியில் இருந்தாள். ஒருத்தி இவளைத் தெருமுனையில் பார்த்ததுமே மொட்டைமாடிக்கு ஓடி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அக்கா மேலே ஏறிப் போய், மூச்சு வாங்க, தொட்டிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அரைமணி நேரம் வேறு கதை பேசினாளாம். கேட்ட இடத்திலெல்லாம் விதி மாறிவிட்டது என்றாள். விதிதானே, மாறும்தான் என்று பெற்றவர்களும் விட்டார்கள். பக்கத்துச் சுகாதார நிலையத்துக்கு டாக்டரம்மாவின் கடிதத்தோடு கூட்டிப்போய், போட வைத்து, பதினைந்து நிமிடம் கூட உட்கார்ந்துவிட்டு வருவாள். ஏழு மாதத்தில் பத்துப் பேர் முடிந்தார்கள்.

பதினோராவது பெண்ணின் அப்பா தராசு பழுது பார்க்கிறவர். மூன்று ஊர் தள்ளி, சந்தைக்குப் பின்னால் ஒரு கடை, கடைக்கு மேலே வீடு. மனைவி தையல் நிறுவனத்தில் வேலை. சுவர் முழுக்கத் தட்டுத் தராசுகள், எண் காட்டுகிற மின்தராசுகள், ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் துணியில் சுற்றிய படிக்கற்கள். அந்தக் கற்களை அவர் வெறும் விரலால் தொட மாட்டார். விரலின் பிசுக்கும் எடைதான் என்பார்.

விதி மாறிவிட்டது என்று அக்கா சொன்னதும் அவர் திருப்புளியைக் கீழே வைத்தார்.

"எப்ப மாறிச்சு?"

இந்த வருடம் என்றாள் அக்கா.

"தாளைக் காட்டுங்க."

தாள் இல்லை. அடுத்தமுறை கொண்டுவருகிறேன் என்று வந்துவிட்டாள். அடுத்தமுறை பயிற்சியில் கொடுத்த குறிப்பைக் கொண்டுபோனாள். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசிவரை படித்தார். அச்சடித்த வருடம் கீழே இருந்தது. முதல் ஊசி போடுவதற்கு இரண்டு வருடம் முந்தியது. "இதுல எதுவும் மாறலியே" என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

மூன்றாம் முறை போனபோது கடையில் இல்லை என்று சொல்லச் சொல்லிவிட்டு உள்ளேயே இருந்தார். நான்காம் முறை நேராகவே சொன்னார். "ரெண்டுன்னு சொன்னீங்க, போட்டுக்கிட்டா. இப்ப மூணுங்கறீங்க. அடுத்த வருஷம் நாலும்பீங்க. என் பொண்ணு கை என்ன உங்க பதிவேடா?" அந்தப் பெண் படிக்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அக்காவைப் பார்த்து, சத்தமில்லாமல், இரண்டு விரலைக் காட்டினாள்.

அன்று அக்கா வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. அந்த அப்பா திட்டியதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு விரலைப் பற்றித்தான் சொன்னாள். பிள்ளைகளிடம் வலிக்கும் என்று உண்மை சொல்லிவிட்டு, பெற்றவர்களிடம் பத்து வீட்டில் பொய் சொல்லியிருக்கிறேன் என்றாள். நான் படித்தவள் என்ற நினைப்பில், நோக்கம் நல்லதாக இருக்கும்போது அது பொய்யாகாது என்று ஏதோ சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் மாடிக்குப் போய்விட்டேன்.

ஐந்தாம் முறை போனாள். கடையில் வாடிக்கையாளர் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் போகும்வரை காத்திருக்கவில்லை.

"விதி மாறலைங்க. நான்தான் நாள் கணக்கு தப்பாப் போட்டுட்டேன். அஞ்சு மாசம் ஆகியிருக்கணும். நீங்க வீடு மாத்திடுவீங்க, அப்புறம் பிடிக்க முடியாதுன்னு முன்னாடியே போட்டேன். அது முழுசாகாது. உங்க பொண்ணுக்கு இன்னொண்ணு வேணும். அது என் தப்பால."

அவர் கையிலிருந்த தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, மற்றவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார். பத்து என்றாள். அவர்களுக்கும் இதைச் சொல்லியாயிற்றா என்று கேட்டார். இல்லை என்றாள்.

"ஒரு கடையில அம்பது கிராம் குறையுதுன்னா, அந்த ஒரு கடைக்காரன்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போயிட முடியாதும்மா" என்றார். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

எனக்கு அந்த மனிதர் மேல் கோபம் வந்தது. பத்துப் பேருக்கும் மூன்றாவது போட்டாகிவிட்டது. இனிப் போய்ச் சொல்வதால் யாருக்கு என்ன லாபம் என்று அக்காவைக் கேட்டேன். அவள் பேருந்து நேரம் எழுதிய சீட்டைத் தேடிக்கொண்டிருந்தாள். பத்து வீட்டுக்கும் திரும்பப் போனாள். பெரும்பாலானவர்கள் அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்றார்கள். பேருந்து நிலையத்து அம்மா சிரித்தாள். நானும் ஒருதரம் குளோரினை அளவு தப்பிக் கலந்து எல்லார் கண்ணையும் எரிய வைத்திருக்கிறேன் என்றாள். ஒரு வீட்டில் மட்டும் அந்தப் பெண்ணின் சித்தப்பா புகார் எழுதிப் போட்டார்.

விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. பதில் எழுத அக்கா என்னைக் கூப்பிட்டாள். எனக்குத்தான் அலுவலக மொழி வரும். மருந்து தாமதம், கட்டிடம், முன்கூட்டிய தேர்வு, பெற்றோர் இடப்பெயர்வு என்று இரண்டு பக்கம் எழுதினேன். ஒன்றுகூடப் பொய்யில்லை. நானே திருப்தியோடு படித்துக் காட்டினேன். அவள் பேனாவை வாங்கி, ஒவ்வொரு பத்தியாக அடித்துக்கொண்டே வந்தாள். கடைசியில் கீழே அவளே மூன்று வரி எழுதினாள். குறித்த காலத்துக்கு முன் ஊசி போட்டது நான். காரணத்தை மறைத்ததும் நான். பதினோரு பேரில் பத்துப் பேருக்கு மூன்றாம் தவணை முடிந்தது, ஒருவருக்குப் பாக்கி.

"அந்தக் கடைசி வரி எதுக்கு? அதை அவங்க கேக்கலியே" என்றேன்.

"அதுதான் முக்கியம்" என்றாள்.

பதவி உயர்வு ஒரு வருடம் தள்ளிப் போனது. டாக்டரம்மா இரண்டு மாதம் அவளிடம் வேலைக்கு வேண்டியதைத் தவிர எதுவும் பேசவில்லை.

அக்கா ஆறாம் முறை போகவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்டதற்கு, தன்னிடம் சொல்ல இருந்ததெல்லாம் சொல்லியாகிவிட்டது, இனிப் போனால் அது தொந்தரவு என்றாள். ஆனால் ஒவ்வொரு வாரமும் மருந்து இருப்பைப் பார்க்கும்போது ஒரு டோஸ் தனியாக இருக்கிறதா என்று பார்ப்பாளாம். இதை அவளோடு வேலை பார்த்த பெண் இப்போதுதான் சொன்னாள்.

அந்தக் கடிதம் போய் ஐந்து வாரம் கழித்து, வேலை நாள் ஒன்றில், தராசுக்காரர் கடையைப் பூட்டிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு வந்தார். அதற்கு முன்பே, மகளிடம் விசாரித்து, பேருந்து நிலையத்து அம்மாவைப் போய்ப் பார்த்திருக்கிறார். இன்னும் இரண்டு வீட்டுக்கும் போயிருக்கிறார். அக்கா அவர்களிடம் உண்மையைச் சொன்னாளா என்று தெரிந்துகொள்ள. வந்தவர் நேரே அக்காவின் மேஜைக்கு வந்து அட்டையை வைத்தார். "முதல்ல நாளைக் கணக்கு பண்ணுங்க" என்றார். அக்கா சுவரிலிருந்து நாட்காட்டியைக் கழற்றி மேஜையில் போட்டாள். இரண்டு பேரும் தலையைக் குனிந்து, விரல் வைத்து, மாதம் மாதமாக எண்ணினார்கள். அவர் ஒருமுறை, அவள் ஒருமுறை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் என்னவோ ஏதோவென்று எட்டிப் பார்த்தார்கள். இரண்டு கணக்கும் ஒத்துப்போன பிறகுதான் அந்தப் பெண் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

வலிக்குமா என்று அவள் கேட்கவில்லை. "மூணாவது கேட்டா திட்டுன்னு சொன்னீங்களே" என்றாள்.

"திட்டு" என்றாள் அக்கா.

அவள் கொஞ்சம் யோசித்து, போட்ட பிறகு திட்டுகிறேன் என்றாள். இரண்டு பேரும் சேர்ந்து எண்ணினார்கள். பதினைந்து நிமிடமும் அந்தப் பெண் பெஞ்சில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றாள். திட்ட மறந்துவிட்டாள்.

சிறுநீரகம் கெட்டுப்போய் அக்கா நான்கு மாதம் ஆஸ்பத்திரியும் வீடுமாக இருந்தாள். கடைசி வாரம், கையில் நரம்பு கிடைக்காமல் தடவிக்கொண்டிருந்த பயிற்சி நர்ஸ், எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும் அம்மா என்றாள். அக்காவுக்குப் பேசவே சிரமமாக இருந்த நாள் அது. "வலிக்கும்னே சொல்லும்மா. நான் எண்ணிக்கறேன்" என்றாள். ஆறு வரைக்கும் எண்ணியது எனக்குக் கேட்டது.

தராசுக்காரர் நேற்று முன்தினம் வந்தார். தலை முழுக்க நரைத்திருக்கிறது. கூட அந்தப் பெண். மருத்துவப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை செய்கிறாளாம். அக்கா படத்துக்கு முன்னால் அவள் கொஞ்ச நேரம் நின்றாள். அன்று திட்டாமல் விட்டதைச் சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. அப்போது என் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையை இறக்கினாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. அந்தப் பெண் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உனக்கு ரெண்டாவது போட்டாச்சா?" என்றாள்.

இல்லை, அடுத்த மாதம்தான் என்றேன். முதல் ஊசியை அக்காதான் போட்டாள், உடம்பு முடியாமல் போவதற்குக் கொஞ்சம் முந்தி. இரண்டாவது போட வேண்டிய நாளை எங்கள் சமையலறை நாட்காட்டியில் அவளே வட்டம் போட்டிருக்கிறாள். பக்கத்தில் பொடி எழுத்தில் 'இதற்கு முன்னால் வேண்டாம்' என்று எழுதியிருக்கிறாள்.

தராசுக்காரர் எழுந்து சமையலறைக்குப் போனார். அட்டையைக் கேட்டார், கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் ஊசி போட்ட நாளிலிருந்து விரல் வைத்து எண்ணத் தொடங்கினார். ஒருமுறை எண்ணி, திரும்ப இன்னொருமுறை எண்ணினார்.

"ஆறு மாசம், மூணு நாள்" என்றார். "சரியா இருக்கு."